எந்தக் குரலுக்கு எந்த வேடம்? ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷை முன்வைத்து ஓர் ஓபரா அறிமுகம்

கண்ணாடிக் கோப்பையை உடைக்கும் உச்சக் குரல், கொம்பு வைத்த தலைக்கவசம், பருத்த உடம்பு. ஓபரா என்றதும் நம்மில் பலருக்குத் தோன்றும் படம் இதுதான். கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்து கொடுத்த படம். சங்கீதம் கேட்டுப் பழகியவர்களும் இதற்குப் பெரிய விலக்கல்ல. "உரக்கக் கத்துகிறார்கள், முடிந்த மட்டும் மேலே போகிறார்கள், வேறென்ன?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

உரக்கப் பாடுவதும் மேலே போவதும் அந்தக் கலையின் ஓரத்தில் இருப்பவை. அதன் நடுவில் இருப்பது, ஒரு பாடகர் தன் குரல் எது என்று அறிந்துகொண்டு அதற்குப் பொருந்தும் வேடத்தை மட்டும் ஏற்பது. ஜெர்மானியர்கள் இதற்கென்று ஒரு முறையையே வகுத்து வைத்திருக்கிறார்கள். அதைத் தனியாக விளக்கினால் அலுப்புத் தட்டும். ஒருவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். அதற்காக நான் எடுத்துக்கொண்டவர் ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் டெனர். ஆண் குரல்களில் உயர்ந்த வகைக்கு டெனர் என்று பெயர். 1930இல் பிறந்தார், 1966இல் போய்விட்டார். தொழில்முறை மேடையில் இருந்தது பதினோரு ஆண்டுகள். அவருடைய குரல் அளவில் பெரிய குரல் அல்ல. அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

முதலில் ஓபரா என்றால் என்ன என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். வசனத்துக்குப் பதிலாகப் பாட்டால் நடத்தப்படும் நாடகம் அது. மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் ஐம்பது, அறுபது, சில நேரம் நூறு வாத்தியங்கள் கொண்ட இசைக்குழு உட்கார்ந்திருக்கும். பாடகருக்கு மைக் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கூசலில் ஒரு சிறுவன்

ஜெர்மனியின் தென்மேற்கே உள்ள கூசல் ஒரு சிற்றூர். வுண்டர்லிஷ் 1930 செப்டம்பர் 26 அன்று அங்கே பிறந்தார். அப்பா இசைக்குழு நடத்தியவர், அம்மா வயலின் வாசித்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அப்பாவின் பிழைப்பில் மண் விழுந்தது. 1935இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பையனுக்கு அப்போது ஐந்து வயது. அம்மா இசை சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பையன் அக்கார்டியன் உட்படக் கைக்குக் கிடைத்த வாத்தியங்களையெல்லாம் வாசித்துப் பழகினான். நடன விருந்துகளில் வாசித்துக் காசு கொண்டுவந்தான். கொஞ்ச நாள் ரொட்டிக் கடையிலும் வேலை பார்த்தான்.

1950இல் ஃபிரைபர்க் நகரின் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். ஹார்ன் என்னும் பித்தளைக் காற்று வாத்தியத்தையும் பாட்டையும் அங்கே கற்றார். பாட்டு ஆசிரியை மார்கரெத்தே ஃபான் வின்டர்ஃபெல்ட். படிப்புச் செலவுக்கு இரவுகளில் நடனக் குழு. 'வுண்டர்லிஷ்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு விசித்திரமானவர் என்று பொருள். நடனக் குழுவில் விடிய விடிய வாசித்துவிட்டுக் காலையில் பாட்டு வகுப்புக்குப் போய் நின்ற இளைஞருக்குப் பெயர் பொருத்தம்தான்.

அந்தக் கல்லூரியில் அவர் கற்றதில் இரண்டு விஷயங்கள் நமக்கு வேண்டும்: மைக் இல்லாமல் கேட்கச் செய்வது, மூச்சை நிர்வகிப்பது.

விசில் எப்படி லாரியை வெல்கிறது?

நாற்சந்தியில் லாரிகளும் பஸ்களும் உறுமிக்கொண்டிருக்கின்றன. நடுவில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் விரல் அளவு விசிலை ஊதுகிறார். அது எல்லோர் காதிலும் விழுகிறது. லாரியைவிட விசிலுக்குச் சத்தம் அதிகமா? இல்லை. லாரியின் உறுமல் தாழ்ந்த ஒலிகளில் குவிந்திருக்கிறது. விசில் ஒலிப்பது அதற்கு வெகு மேலே, லாரி ஏறக்குறைய காலியாக விட்டுவைத்திருக்கும் இடத்தில்.

ஓபராப் பாடகர் செய்வதும் இதுவே. இசைக்குழுவின் ஓசை பெரும்பாலும் நொடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் திரண்டிருக்கும். மேலே போகப் போக அது மெலிந்துகொண்டே போகும். நொடிக்கு 3,000 அதிர்வுகள் பக்கம் வந்தால் இசைக்குழு வெகுவாக இளைத்துவிடுகிறது. பயிற்சி பெற்ற பாடகரின் குரலில் அந்த 3,000ஐ ஒட்டித்தான் ஒரு மேடு எழும்புகிறது. நம் காதுத் துளையின் நீளமும் அந்தப் பகுதி ஒலிகளைக் கூட்டிக் காட்டும்படி அமைந்திருக்கிறது. ஆக, இசைக்குழு ஒதுங்கிக்கொள்ளும் இடமும், காது கூர்மையாக இருக்கும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. குரலை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

"3,000 அதிர்வில் யாராலும் பாட முடியாதே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. டெனர் எட்டுகிற புகழ்பெற்ற உச்ச சுரமே நொடிக்கு 523 அதிர்வுகள்தான். பதில் தம்புராவில் இருக்கிறது. தம்புராவில் காந்தாரத்துக்குத் தந்தி கிடையாது. ஆனாலும் சுருதி சுத்தமாகச் சேர்ந்திருந்தால் காந்தாரம் தானாகக் கேட்கும். ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிப்படைச் சுரத்தோடு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் கூடவே பிறக்கின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்போம். குரலும் அப்படித்தான். ஒருவர் 300 அதிர்வில் பாடினால் 600, 900, 1,200 என்று ஒரு படிக்கட்டே கிளம்பும். அதன் பத்தாவது படி 3,000.

சாதாரணக் குரலில் அந்தப் பத்தாவது படி வலுவற்றுக் கிடக்கும். அதற்கு உயிர் கொடுப்பது தொண்டையின் வடிவம். குழாயடியில் குடம் நிரம்பும்போது கண்ணால் பார்க்காமலே சொல்லிவிடுகிறோம் அல்லவா, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று? குடத்துக்குள் இருக்கும் காற்றிடத்தின் அளவு குறையக் குறைய ஓசை மேலேறுகிறது. ஒவ்வொரு காற்றிடமும் தனக்குப் பிடித்த ஒலியை மட்டும் பெருக்கிக் காட்டும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். ஓபராப் பாடகர், கொட்டாவி தொடங்கும்போது ஆவதுபோல, குரல்வளையைச் சற்றுத் தாழ்த்தித் தொண்டையை அகலமாக்குகிறார். குரல்நாண்களுக்கு மேலேயுள்ள சிறு குழல் மட்டும் குறுகலாகவே இருக்கிறது. அகன்ற அறைக்குக் கீழே ஒரு குறுகிய குடம் வைத்தாற்போல. அந்தக் குட்டிக் குடத்துக்குப் பிடித்த ஒலிதான் 3,000. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் இதை அளந்து விளக்கினார். பாடகர்களுக்கு இது அதற்கு வெகு காலம் முன்பே கைவந்திருந்தது. அவர்கள் அதைக் குரலின் 'கணீர்' என்று மட்டும் அறிந்திருந்தார்கள்.

மிக உயர்ந்த பெண் குரல்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அவர்களுடைய அடிப்படைச் சுரமே இசைக்குழுவின் திரளைத் தாண்டி மேலே நிற்பதால் வேறு உத்திகள் போதும். அந்தக் கிளைக்குள் இப்போது போகவேண்டாம்.

இதுவரை பார்த்தது: மைக் இல்லாத பாடகர் இசைக்குழுவைச் சத்தத்தால் வெல்வதில்லை. குரலின் மேற்சுரங்களில் ஒரு பகுதியைத் தொண்டையின் வடிவத்தால் தூக்கிவிட்டு, இசைக்குழு இல்லாத இடத்தில் ஒலிக்கிறார். அதனால்தான் வுண்டர்லிஷ் போன்ற மென்மையான குரல் ஈராயிரம் பேர் அமர்ந்த அரங்கில் கடைசி வரிசை வரை போயிற்று.

வாளியை மெல்ல இறக்குவது

மூச்சைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, பலமாகத் தள்ளவேண்டும் என்று. தள்ளினால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதித் தடித்துப்போகும்.

கிணற்றில் நிறைவாளியை இறக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி கீழே போக நாம் எதையும் தள்ளவேண்டியதில்லை, அதன் எடையே இழுத்துக்கொண்டு போகும். நம் வேலை கயிற்றைப் பிடித்துப் பிடித்து விடுவதுதான். நுரையீரலும் அப்படியே. நிரம்பிய நெஞ்சுக்கூடு சுருங்கித் தன் பழைய நிலைக்கு வரத் துடிக்கும். காற்றை இழுக்க உதவிய அதே தசைகளை உடனே தளர்த்திவிடாமல், பிடித்துப் பிடித்து விடுவதே பாடகரின் மூச்சுக்கலை.

ஹார்ன் வாசிப்பவருக்கு இது அன்றாடப் பாடம். நீண்ட சுரத்தை நடுங்காமல் நிறுத்தக் காற்று ஒரே சீராக வரவேண்டும். வுண்டர்லிஷின் பதிவுகளில் ஒரு நீண்ட வரியைக் கேட்டால், எங்கே மூச்சு எடுத்தார் என்று தேடவேண்டியிருக்கும். அவருடைய ஹார்ன் பயிற்சியின் கை அதில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

நம் பாடகருக்குக் கட்டை, அவர்களுக்கு வேடம்

இனிதான் விஷயத்தின் மையம். கர்நாடகக் கச்சேரியில் பாடகர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தேர்ந்துகொள்கிறார். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை. பெண்கள் ஐந்து கட்டைப் பக்கம். கீர்த்தனை அதேதான், அது பாடகரைப் பின்தொடர்ந்து ஏறும், இறங்கும். வயதானால் அரைக் கட்டை குறைத்துக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

ஓபராவில் இந்தச் சலுகை ஏறக்குறைய இல்லை. சுருதியை இசையமைப்பாளர் எழுதிவைத்துவிட்டார். இசைக்குழுவில் ஒவ்வொருவர் முன்னாலும் அதே சுருதியில் எழுதிய தாள் இருக்கிறது. அடுத்து வரும் பாட்டு அதையொட்டித் தொடங்குகிறது. ஆகவே பாட்டைப் பாடகருக்கு ஏற்ப நகர்த்த முடியாது. பாட்டுக்கு ஏற்ற பாடகரைத்தான் தேடவேண்டும்.

மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' 1791 செப்டம்பர் 30 அன்று வியன்னாவில் முதன்முதலாக மேடையேறியது. மொசார்ட் அதைப் பொதுவான 'குரல்'களுக்கு எழுதவில்லை, தனக்குத் தெரிந்த ஆட்களுக்கு எழுதினார். இரவின் ராணி வேடம் மனைவியின் அக்கா யோசெஃபா ஹோஃபருக்கு. அந்தப் பெண்ணுக்கு வானத்தைத் தொடும் குரல், எனவே ராணி நொடிக்கு ஏறத்தாழ 1,400 அதிர்வு வரை ஏறுகிறாள். பூசாரி ஸராஸ்ட்ரோ வேடம் ஃபிரான்ஸ் ஸாவர் கெர்ல் என்ற தாழ்குரல்காரருக்கு. அவர் 87 அதிர்வு வரை இறங்குகிறார். இளவரசன் டமீனோ வேடம் பெனடிக்ட் ஷாக் என்ற டெனருக்கு. அந்த ஆட்கள் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவர்களுடைய தொண்டையின் அளவு மட்டும் இசைத்தாளில் அப்படியே தங்கிவிட்டது. செத்துப்போனவரின் அளவுக்குத் தைத்த சட்டை. அது பொருந்துகிற ஆளை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தேடவேண்டியிருக்கிறது.

டமீனோவின் சட்டை யாருக்குத் தைத்ததோ, அது வுண்டர்லிஷுக்குக் கனகச்சிதமாகப் பொருந்தியது.

எவ்வளவு உயரம் என்பதைவிட எங்கே குடியிருப்பு

டமீனோவின் முதல் ஆரியாவைப் பார்ப்போம். ஓபராவில் ஒரு பாத்திரம் தனித்து நின்று மனத்தைத் திறந்து பாடும் முழுப்பாட்டுக்கு ஆரியா என்று பெயர். இளவரசன் கையில் ஒரு பெண்ணின் ஓவியம். அவளை அவன் பார்த்ததே இல்லை. "இந்த ஓவியம் மயக்கும் அழகு" என்று தொடங்குகிறான். நம் கணக்கில் இரண்டரைக் கட்டைச் சுருதி. பஞ்சமத்தில் ஆரம்பித்து, ஒரே தாவலில் மேல் ஸ்தாயிக் காந்தாரம். பிறகு அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. படத்தைப் பார்த்தவன் மூச்சை இழுத்து, மெல்ல விடுவதுபோல.

இந்தப் பாட்டின் உச்சம் எது? மேல் ஸ்தாயி மத்தியமம், நொடிக்கு 415 அதிர்வுகள். ஒன்றரைக் கட்டையில் பாடும் நம்மூர் வித்வான் மேல் பஞ்சமத்தைத் தொட்டால் அதே சுரத்தில்தான் நிற்கிறார். அப்படியானால் இதில் என்ன பிரமாதம்?

பிரமாதம் தொடுவதில் இல்லை, தங்குவதில். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி வண்டியில் போட்டுவிடப் பலரால் முடியும். அதில் கால் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகம் சுளிக்காமல், காதலைப் பற்றிப் பேசியபடி ஒரு மைல் நடக்கச் சொல்லுங்கள். ஒரு வேடத்தின் சுரங்கள் பெரும்பாலும் எந்தப் பகுதியில் புழங்குகின்றனவோ அதை டெஸிடுரா என்பார்கள். தொடக்கூடிய எல்லை வேறு, குடியிருக்கும் வீதி வேறு. டமீனோவின் வீதி, நெஞ்சிலிருந்து வரும் கனத்த ஒலி தலையில் ஒலிக்கும் மெல்லொலியாக மாறுகிற சரியான அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. பழகாத குரல் அங்கே ஒன்று உடையும், அல்லது கத்தும். வுண்டர்லிஷின் குரலில் அந்தத் திருப்பம் எங்கே என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. மேலே போகப் போக ஒலி இறுகாமல் விரிகிறது. 1964இல் கார்ல் போம் இசைக்குழுவை நடத்திப் பதிவுசெய்த முழு ஓபராவில் இந்தப் பாட்டு கிடைக்கிறது. முதல் தாவலை மட்டும் பத்துத் தடவை கேட்டாலும் நேரம் வீணாகாது.

எனவே 'எத்தனை உயரம் போவார்' என்று கேட்பது அரைக் கேள்வி. 'எங்கே வசதியாக இருப்பார், எவ்வளவு நேரம், எவ்வளவு பெரிய இசைக்குழுவுக்கு மேலே' என்று கேட்டால்தான் முழுதாகும்.

ஃபாக்: அலமாரியில் ஓர் அறை

அந்த முழுக் கேள்விக்கு ஜெர்மன் நாடக அரங்குகள் கண்டுபிடித்த பதிலின் பெயர் ஃபாக். அந்தச் சொல்லுக்கு அலமாரியின் அறை என்று பொருள். தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடுகிற சின்னச் சின்ன அறைகள் உண்டே, அப்படி. உயரம், டெஸிடுரா, குரலின் கனம், நிறம், ஓரளவு வயதும் தோற்றமும்கூட, எல்லாவற்றையும் சேர்த்துப் பாடகரை ஓர் அறையில் வைக்கிறார்கள். வேடங்களையும் அதே அறைகளில் பிரித்து வைக்கிறார்கள்.

'மாயப் புல்லாங்குழல்' ஒன்றிலேயே பாதி அலமாரியைக் காணலாம். இரவின் ராணி, சுரங்களை மின்னலாய்ச் சிதறடிக்கும் உயர்ந்த பெண்குரல். பமீனா, நீண்ட இனிய வரிகளுக்கான பெண்குரல். பாப்பகேனா, துள்ளலான சிறு பெண்குரல், வேலைக்காரிப் பெண் வேடங்களின் அறை. டமீனோ, 'லிரிக் டெனர்', அதாவது கனம் குறைந்து இனிமை மேலோங்கிய டெனர். கெட்டவன் மோனோஸ்டாடோஸும் டெனர்தான், ஆனால் சுரம் எட்டும் உயரம் அவனை டமீனோ ஆக்காது. அவன் நடிப்பும் நையாண்டியும் முதன்மையான வேறு டெனர் அறை. பறவைக்காரன் பாப்பகேனோ நடுக் குரல். ஸராஸ்ட்ரோ ஆழ்ந்த கம்பீரக் குரல்.

இது விஞ்ஞான வகைப்பாடு அல்ல. தொழிற்கூடத்து வழக்கு. இரண்டு அறைக்கு நடுவே நிற்கும் குரல்கள் உண்டு, வயதாக ஆக அறை மாறுகிறவர்களும் உண்டு. பெர்லினில் பிறந்த கிறிஸ்டா லுட்விக் நடுத்தரப் பெண்குரலாகப் பெயரெடுத்தும், பீத்தோவனின் லியோனோரே போன்ற கனத்த உயர்குரல் வேடத்தையும் பாடினார். விதி வளைகிறது. வளைத்தவர்கள் எல்லோரும் அவரைப்போல் தப்பிக்கவில்லை.

மாதச் சம்பளப் பாடகர்கள்

இப்படி ஒரு அலமாரி ஜெர்மனியில் ஏன் இவ்வளவு இறுக்கமாக உருவானது? ஓபரா அங்கே நட்சத்திரங்களின் சுற்றுப்பயணமாக மட்டும் நடப்பதில்லை. சிறு நகரங்களுக்கும் சொந்த அரங்கு இருக்கிறது, இன்றும் நாடு முழுவதும் ஏறத்தாழ எண்பது. நகராட்சியும் மாநில அரசும் பணம் தருகின்றன. ஒவ்வோர் அரங்கும் ஒரு பாடகர் கூட்டத்தை ஆண்டு ஒப்பந்தத்தில் மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறது. இன்று மொசார்ட், நாளை வெர்டி, மறுநாள் வாக்னர் என்று இரவுக்கிரவு நாடகம் மாறும். வேடங்களைப் பங்கிடுவதில் சண்டை வராமல் இருக்கவேண்டுமானால், 'நீ லிரிக் டெனர், உனக்கு இந்த வகை வேடங்கள்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. நிர்வாகத்துக்கு அது ஆள் கணக்கு. இளம் பாடகருக்கு அது கேடயம்: இருபத்தைந்து வயதில் குரலைக் கிழிக்கும் வேடத்தைத் தலையில் கட்டினால், 'இது என் ஃபாக் அல்ல' என்று சொல்லலாம்.

இன்னொரு பயனும் உண்டு. மாலை ஆறு மணிக்கு டமீனோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால், பக்கத்து ஊர்களில் அதே அறையில் இருக்கும் டெனர்களுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும். வேடம் அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

வுண்டர்லிஷுக்கு வாசல் திறந்ததும் அப்படித்தான். 1954இல் ஃபிரைபர்க்கில் மாணவர் நிகழ்ச்சியில் டமீனோவாகப் பாடினார். 1955இல் ஸ்டுட்கார்ட் அரசு ஓபராவில் ஒப்பந்தம் கிடைத்தது. ஆரம்பத்தில் வாக்னர் நாடகமொன்றில், கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் ஒரு சிறு வேடம். கொஞ்ச நாளில் அந்த அரங்கின் முதன்மை லிரிக் டெனர் யோசெஃப் டிராக்ஸல் பாட முடியாமல் போக, டமீனோ வேடம் இளையவர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவரைப் பின்வரிசையில் நிறுத்தத் தேவை வரவில்லை. அதே அரங்கின் இசைக்குழுவில் ஹார்ப் வாசித்த ஏஃபா யுங்நிட்ஷை 1956இல் மணந்தார். அடுத்து ஃபிராங்க்ஃபர்ட், 1960இல் மியூனிக், பிறகு வியன்னா. 1959இல் சால்ஸ்பர்க் விழாவில் ரிச்சர்ட் ஸ்டிராஸின் நகைச்சுவை ஓபராவில் பாடியபோது அவருக்கு வயது இருபத்தெட்டு.

சுருக்கமாக: ஃபாக் என்பது குரலையும் வேடத்தையும் பொருத்தும் ஒரு வேலைப் பட்டியல். ஊர்தோறும் அரங்கு, மாதச் சம்பளம், தினமும் மாறும் நாடகம் என்ற ஜெர்மன் ஏற்பாட்டுக்கு அது அச்சாணி.

ஒரே கப்பலில் இரண்டு டெனர்கள்

ஃபாக்கின் அருமை தெரியவேண்டுமானால், ஒருவர் எதைப் பாடவில்லை என்றும் பார்க்கவேண்டும். வாக்னரின் இசைக்குழு பெரியது, நாடகங்கள் நீளம். 'டிரிஸ்டான்' நாடகத்தில் இசை மட்டும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கதாநாயகன் கடைசி அங்கத்தில் புண்பட்டுப் படுத்தபடி முக்கால் மணிக்குமேல் போராடிப் பாடுகிறான். இதற்கென்றே 'ஹெல்டன்டெனர்', அதாவது வீரநாயக டெனர், என்று தனி அறை. 1865இல் மியூனிக்கில் முதல் டிரிஸ்டானாகப் பாடிய லுட்விக் ஷ்னோர் ஃபான் கரோல்ஸ்ஃபெல்ட் ஆறு வாரத்தில் இறந்துபோனார். வயது இருபத்தொன்பது. நோய்தான் காரணம். ஆனால் வேடமே ஆளைக் கொன்றுவிட்டது என்று ஊர் பேசியது, அந்த அச்சம் பாடகர்களிடையே வெகு காலம் ஓடியது.

1960இல் பெர்லினில் 'பறக்கும் டச்சுக்காரன்' நாடகம் இசைத்தட்டுக்காகப் பதிவானது. அதில் இரண்டு டெனர் வேடங்கள். காதலில் தோற்கும் வேட்டைக்காரன் எரிக், பெரிய வேடம், கனம் கூடியது. இரவுக் காவலில் தூக்கம் வராமல் இருக்கக் காதலியை நினைத்துப் பாடும் சுக்கான் பிடிக்கும் மாலுமி, சிறிய வேடம். எரிக்காகப் பாடியவர் ருடால்ஃப் ஷோக். வுண்டர்லிஷ் மாலுமி. நம்மூரில் இதைக் கேட்டால் 'சின்ன வேடமா கொடுத்தார்கள்?' என்று வருத்தப்படுவோம். மாலுமியின் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கடல் அமைதியாக இருக்கிறது, ஆள் கொட்டாவி விடுகிறான், குரல் தென்றல்போல் வருகிறது. கனத்த டெனர் அங்கே பாடியிருந்தால் கப்பலே விழித்திருக்கும்.

மைக் நுழையும்போது

இதில் ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். இன்று நாம் வுண்டர்லிஷை அறிவது இசைத்தட்டால்தான், அங்கே மைக் இருக்கிறது. மாலரின் 'பூமியின் பாடல்' தொடக்கத்தில் டெனர், முழு இசைக்குழுவின் முழக்கத்துக்கு எதிரே பாடவேண்டும். அரங்கில் அந்த இடத்தில் லிரிக் டெனர் மூழ்கிவிடுவது வழக்கம். ஓட்டோ கிளெம்பரர் லண்டனில் நடத்திய புகழ்பெற்ற பதிவில் அதைப் பாடியவர் வுண்டர்லிஷ். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது. அந்தத் தெளிவில் அவர் தொண்டைக்கு எவ்வளவு பங்கு, மைக்கை வைத்த பொறியாளருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். இசைத்தட்டைக் கேட்டுவிட்டு 'இவர் எதையும் பாடுவார்' என்று முடிவுகட்டுவதுதான் ஓபரா ரசிகர்கள் செய்யும் பெரிய பிழை. நானும் அதைச் செய்திருக்கிறேன்.

ஓபராவுக்கு வெளியே, பியானோ மட்டும் துணைக்கு இருக்கும் ஜெர்மன் கவிதைப் பாடல்களை அவர் தாமதமாகவே பிடித்தார். பியானோக் கலைஞர் ஹூபர்ட் கீசன் அதில் அவரைச் செதுக்கினார். 1965இல் ஷூமனின் பாடல் தொகுதியையும் 1966 ஜூலையில் ஷூபர்ட்டின் தொகுதியையும் இருவரும் பதிவுசெய்தார்கள். 1966 செப்டம்பர் 4 அன்று எடின்பரோவில் அவர்கள் நடத்திய கச்சேரி கடைசிக் கச்சேரி ஆயிற்று.

செப்டம்பர் 17

அந்த மாதம் நண்பர் ஒருவரின் வேட்டை மாளிகைக்குப் போயிருந்தார். படிக்கட்டில் தவறி விழுந்து தலையில் அடிபட்டது. செப்டம்பர் 17 அன்று ஹைடல்பெர்க் மருத்துவமனையில் இறந்தார். முப்பத்தாறாவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அக்டோபரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அவர் முதன்முறையாகப் பாடுவதாக இருந்தது: மொசார்ட்டின் 'டான் ஜோவானி'யில் டான் ஓட்டாவியோ, அசல் லிரிக் டெனர் வேடம். மெட்ரோபாலிட்டனின் புதிய கட்டடம், ஏறத்தாழ 3,800 இருக்கைகளோடு, செப்டம்பர் 16 இரவுதான் திறக்கப்பட்டது. அவர் இறந்ததற்கு முந்தின நாள். அவ்வளவு பெரிய இடத்தில் அந்தக் குரல் கடைசி வரிசைக்குப் போயிருக்குமா என்ற கேள்விக்கு இனிப் பதில் கிடைக்கப்போவதில்லை. போயிருக்கும் என்பது என் ஊகம். அந்த 3,000 அதிர்வு மேட்டுக்கு இருக்கை எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல.

கையில் அரைகுறையாக ஒரு வேலை நின்றிருந்தது. ஹெர்பர்ட் ஃபான் கராயன் பெர்லினில் ஹைடனின் 'படைப்பு' என்ற பெரும் இசைக்கோவையைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். அதன் டெனர் பகுதியில் ஆரியாக்களை வுண்டர்லிஷ் பாடி முடித்துவிட்டார். ஆரியாக்களுக்கு இடையே கதையை நகர்த்தும், பேச்சும் பாட்டும் கலந்த உரைப்பாட்டுகள் பாக்கி. வெர்னர் கிரென் என்ற இன்னொரு லிரிக் டெனரை அழைத்து அவற்றைப் பாடவைத்து வெளியிட்டார்கள். அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. ஒரே வேடம், ஒரே ஃபாக், இரண்டு தொண்டைகள். உரைப்பாட்டு முடிந்து ஆரியா தொடங்கும் இடத்தில் ஆள் மாறுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.